ஆட்டம் எங்கே இருக்கு?

எங்க ஊர் சித்தையன்கோட்டை. சித்தரேவைத் தாண்டினா பெரும்பாறை, தாண்டிக்குடின்னு மலை ஏற ஆரம்பிச்சிடும். அந்த மலைத்தோட்டங்களுக்கு இன்னும் பழைய ஜீப்தான் நம்பிக்கை. காபி, மிளகு, மலைவாழை எல்லாம் ரோட்டுக்கு வர்றது அதுலதான். ராத்திரி யாருக்காவது உடம்பு முடியலைன்னாலும் அதைத்தான் தேடுவாங்க.

எங்க மாமாகிட்ட அப்படி ஒண்ணு இருக்கு. 1947-ல் மஹிந்திரா நம்ம நாட்டுக்குக் கொண்டுவந்த வில்லிஸ் ஜீப்பின் வம்சம். முன்சக்கரத்துக்கும் ஒரே ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங். பவர் ஸ்டியரிங் கிடையாது.

போன காபி சீசன்ல அதுக்கு ஒரு வியாதி வந்துச்சு. நாற்பது கிலோமீட்டர் வேகத்துல ஒரு குழியில இறங்கினா போதும், ஸ்டியரிங் கைக்குள்ள நிக்காம உதறும். வேகத்தை நல்லா குறைச்சாத்தான் அடங்கும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்னு இருக்கிற ரோட்டுல இது விளையாட்டில்லை. ஒருத்தர் ஸ்டியரிங் பாக்ஸையே மாத்தச் சொன்னார். இன்னொருத்தர் டேம்பர் போட்டா சரியாயிடும்னார். அத்தை, "பேசாம வித்துடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. சீசன் நடுவுல ஜீப் போனா வருமானமும் போச்சு.

கடைசியா எங்க ஊர் மெக்கானிக் பாய்கிட்ட போனோம். அவர் ஸ்பேனரையே எடுக்கலை.

"தம்பி, உதறுதா, ப்ளே இருக்கா, ஒரு பக்கம் இழுக்குதா, திருப்பவே கஷ்டமா இருக்கா? நாலும் வேற வேற நோய்" என்றார்.

முதல்ல டயர் காற்று, ஸ்பிரிங் யூ போல்ட் ரெண்டையும் பார்த்தார். சரியா இருந்துச்சு. அப்புறம் இன்ஜினை அணைச்சு, சக்கரம் தரையில இருக்கும்போதே என்னை ஸ்டியரிங்கை லேசா இடமும் வலமும் அசைக்கச் சொல்லிட்டு வண்டிக்கு அடியில படுத்தார். பாக்ஸ்லேர்ந்து வர்ற ஆர்ம், டிராக் லிங்க், டை ராட் முனைகள்னு ஒவ்வொரு மூட்டையும் கையால பிடிச்சுப் பார்த்தார். மூட்டுக்கு இந்தப் பக்கம் அசைஞ்சு, அந்தப் பக்கம் அசையத் தாமதமானா தேய்மானம் அங்கதான். பாக்ஸ்ல குறை இல்லை. டை ராட் முனை ஒண்ணு மட்டும் தேஞ்சிருந்துச்சு.

அடுத்து ஜாக்கி. தூக்கின சக்கரத்தை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டினார். இடது பக்கம் 'டக் டக்'னு ஆடுச்சு. வீல் பேரிங்கா, கிங் பின்னா?

"பிரேக்கை மிதிச்சுப் பிடி, தம்பி."

மிதிச்சேன். ஆட்டம் அப்படியே இருந்துச்சு. பிரேக் போட்டா டிரம் இறுகிடும். வீல் பேரிங் ஆட்டம்னா அதோட நின்னிருக்கும். நிக்கலைன்னா அது கிங் பின். இவ்வளவு சுருக்கமான ஒரு சோதனையை நான் எந்த லேப்லயும் பார்த்ததில்லை.

கிங் பின் பேரிங்கையும் டை ராட் முனையையும் மாத்தினார். மூடிக்கு அடியில இருக்கிற மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைச்சுத்தான் பேரிங் இறுக்கத்தைச் சரிசெய்யணும். அதைப் பார்க்க, டை ராடை மாட்டுறதுக்கு முன்னாடி, கொக்கி போட்ட ஸ்பிரிங் தராசால அந்த ஆர்மை இழுத்தார். ரெண்டு பக்கமும் ஒரே சீரா நகர்ற வரைக்கும் விடலை. கடைசியா டோ-இன் அளந்து வெச்சார்.

டேம்பர் பத்திக் கேட்டேன். "போட்டா உதறல் தெரியாது. தேய்மானம் உள்ளே இருந்துக்கிட்டே இருக்கும்" என்றார். வைப்ரேஷன் பாடத்துல டேம்பிங்னு ஒரு எண்ணைப் போட்டுக் கணக்கை முடிச்சிடுறோம். அந்த அதிர்வு எங்கேர்ந்து கிளம்புதுன்னு யாரும் கேட்கிறதில்லை.

உங்க வீட்டுலயும் ஒரு பழைய வண்டி இருந்தா, பாகம் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரா நின்னு பாருங்க. ஒருத்தர் அசைக்கணும், ஒருத்தர் கவனிக்கணும். அதுக்கு ஒரு பைசா செலவில்லை.