கையும் கைத்தொழிலும்

காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேட்டில், விசைப்படகின் கயிற்றில் சிக்கி வலக்கை விரல்கள் மூன்றினை இழந்த மீனவ இளைஞர் ஒருவர் உண்டு. அவர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் ஈராண்டுகள் மாதந்தோறும் அவர் இல்லத்திற்கு அரிசி கொடுத்தனுப்பி வந்தோம். அதனால் நமக்கு உள்ளூர ஒரு மனநிறைவு இருந்ததையும் மறைப்பதற்கில்லை.

ஒருநாள் அவரே வந்தார். "சாமி, அரிசி போதும். இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன வேலை செய்யலாம் என்று யாராவது பார்த்துச் சொல்வார்களா?" என்றார். அக்கேள்வி நமக்கு ஏன் தோன்றவில்லை என்றெண்ணி வெட்கினோம்.

அன்றிரவு மருத்துவர் பால் பிராண்ட் நினைவுக்கு வந்தார். 1914இல் கொல்லிமலையில் பிறந்த அவர், தொழுநோயால் மடங்கிய விரல்களை வேலூரில் அறுவை செய்து நிமிர்த்தினார். நலம்பெற்றுச் சென்றோர் சிலர் வாடிய முகத்துடன் திரும்பினர். ஊரார் வேலை தரவில்லை. கை நிமிர்ந்ததால் பிச்சையும் விழவில்லை. தம் பணி பாதியே முடிந்ததென உணர்ந்த பிராண்ட், அவர்கள் தங்கித் தொழில் பயில 'புதுவாழ்வு மையம்' கண்டார். அங்கே மரவேலை கற்றனர். உணர்விழந்த கைகள் காயமுறாதபடி கருவிகளின் பிடிகள் மாற்றியமைக்கப்பட்டன. மனிதர் வேலைக்கேற்பப் பழகினார். வேலையும் மனிதருக்கேற்ப வளைந்தது.

புதுச்சேரியில் மாற்றுத்திறனாளிகளுக்கென நடுவண் அரசின் வேலைவாய்ப்புச் சேவை மையம் உள்ளது. முன்னர் அது தொழில்சார் மறுவாழ்வு மையம் எனப்பட்டது. இளைஞரை அங்கு அழைத்துச் சென்றோம். தொழிலைக் குறிக்குமுன் கையின் பிடிவலிமை, கணக்கறிவு, விருப்பம் ஆகியவற்றை ஆய்ந்தனர். குறித்த நேரத்தில் வருவதும், தெரியாததைக் கூசாமல் கேட்பதும்கூடப் பயிற்சியே என்பதை அன்று கற்றோம்.

2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் குறைந்தது 4 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குகிறது. கடற்கரைச் சிற்றூரிலோ வேலை, அக்கம்பக்கத்தார் மனத்தில்தான் இருக்கிறது. படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைக்காரரை அணுகினோம். "பாவம், அவனை ஏன் சாமி வருத்துகிறீர்கள்?" என்றார். அவ்விரக்கமும் நம் அரிசிப்பையும் ஒன்றே என்று அவரிடம் ஒப்புக்கொண்டோம். ஒரு மாதம் பார்ப்போம் என்று அவர் இசைந்தார். இளைஞரின் பிடிக்கு ஏற்பத் திருகுசாவிகளின் கைப்பிடியில் ரப்பர் சுற்றித் தந்தவரும் அவரே.

மாத முடிவில் வழக்கம்போல் அரிசி சென்றது. இளைஞர் பட்டறையிலிருந்து வந்து, எண்ணெய் படிந்த கையால் பையை அப்படியே திருப்பித் தந்தார். நம் ஈகை ஏற்கப்படாத அந்நாளில்தான் நாம் பெருமகிழ்ச்சி கொண்டோம்.