வெம்பிளியில் மைத்துனர் போர்

இலண்டன் மாநகரின் வடமேற்கே அமைந்துள்ள வெம்பிளிக்குச் செல்லும் எம்மவர் பெரும்பாலும் இரு காரியங்களின் பொருட்டே செல்வர். ஒன்று உதைபந்தாட்டம்; மற்றது உறவினர் வீடு. ஈலிங் றோட்டிலே முருங்கைக்காயும் ஒடியல் மாவும் தாராளமாகக் கிடைக்கும். புடைவைக் கடை வாசல்களில் குஜராத்தி மொழியும் தமிழும் கலந்து ஒலிக்கும். நாமும் உறவினர் வீட்டிற்கே சென்றிருந்தோம். ஆயினும் எம் உள்ளத்தில் மூன்றாவது காரியம் ஒன்றும் இருந்தது. 1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி அவ்வூர் அரங்கில் நிகழ்ந்த மல்யுத்தக் காட்சியின் இடத்தைக் கண்ணாற் காண வேண்டும் என்பதே அது. “ஆசிரியராக இருந்துகொண்டு இதையா பார்க்கப் போகிறீர்கள்?” என்று வீட்டார் நகைத்தனர். எம் தந்தையார் தலைமுறையினர் கிங்கொங், தாராசிங் என்னும் பெயர்களைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர்கள்தாமே என்று விடையிறுத்துவிட்டுப் புறப்பட்டோம்.

வெம்பிளி பார்க் நிலையத்தின் படிகளில் இறங்கியதும் அகன்ற நேர்வீதி ஒன்று தொடங்குகிறது. அதன் கோடியில் புதிய அரங்கும், அதன்மேல் 133 மீற்றர் உயரத்திற்கு எழும்பி நிற்கும் வெண்ணிற உருக்கு வளைவும் தோன்றுகின்றன. 90,000 பேர் அமரக்கூடிய அவ்வரங்கு 2007இல் திறக்கப்பட்டது. நாம் தேடிச் சென்றதோ அதற்கு முன்பு அதே நிலத்தில் நின்ற பழைய அரங்கு. இரட்டைக் கோபுரங்களோடு 1923இல் எழுந்த அவ்வரங்கைச் சூழ, அடுத்த ஆண்டில் பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சி நடந்தது. இலங்கைக்கும் அங்கு ஒரு மண்டபம் இருந்தது. 1948ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவில் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலில் இரண்டாவதாக வந்து, இலங்கையின் முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தை வென்றதும் இங்கேதான். மாணவர்கள் இதனை நினைவிற் கொள்க.

இத்தகைய அரங்கிலேதான் அமெரிக்க மல்யுத்தக் கம்பனியொன்று ‘சமர்சிலாம்’ என்னும் தன் கோடைகாலப் பெருங்காட்சியை நடத்தியது. அக்காலத்தில் டபிள்யூ. டபிள்யூ. எவ். என்று வழங்கிய அக்கம்பனி இன்று டபிள்யூ. டபிள்யூ. ஈ. எனப்படுகிறது. வந்தோர் தொகை 80,355 என அது அறிவித்தது. அமெரிக்க மக்கள் இரு நாள்கள் கழித்துக் கட்டணஞ் செலுத்தித் தத்தம் வீட்டுத் தொலைக்காட்சியில் இதனைப் பார்த்தனர். யாழ்ப்பாணத்திலோ அவ்வாண்டு மின்சாரமே இருக்கவில்லை. நாம் இதனை ஒளிநாடாவில் கண்டது பல ஆண்டுகள் கழித்தே. அதன்பின் எத்தனை முறை கண்டோம் என்பதைச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

காட்சி முழுவதும் சிறந்தது என்று நாம் வாதிட மாட்டோம். முற்பகுதியில் இடம்பெற்ற சில போட்டிகள், கூத்துத் தொடங்குமுன் சனத்தை இருத்தி வைப்பதற்காக நடத்தும் கோமாளி ஆட்டத்திற்கு ஒப்பானவை. சோன் மைக்கேல்சும் றிக் மாட்டெலும் ஒருவர் முகத்தில் ஒருவர் குத்துவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டு மோதினர். இருவருக்கும் தம் அழகின்மேல் அவ்வளவு பற்று! உலகப் பட்டத்திற்காக அல்ரிமேற் வாரியரும் றண்டி சவேஜும் பொருதது நல்ல போட்டியே. ஆனால், வெளியார் தலையீட்டினால் சவேஜ் குறித்த நேரத்திற்குள் மேடைக்குத் திரும்ப இயலாது தோற்றார்; அவ்விதந் தோற்றாற் பட்டம் கைமாறாது. இருபத்தைந்து நிமிடத்திற்கு மேலாகக் காத்திருந்தவனுக்கு இது அரைவயிற்றுச் சாப்பாடுதான். அண்டர்ரேக்கர் பிணவண்டியில் வந்திறங்கிய காட்சி மட்டும் சிறுவர்கள் மனத்தை விட்டு என்றும் அகலாது.

வழக்கத்திற்கு மாறாக உலகப் பட்டப் போட்டியை முன்னரே முடித்துவிட்டு, இரண்டாந்தரப் பட்டத்திற்கான போட்டியை இறுதியில் வைத்தனர். அதன் காரணம் எளிது. ‘பிரிற்றிஷ் புல்டோக்’ எனப் பெயர் பெற்ற டேவி போய் சிமித் இங்கிலாந்தின் லங்காஷயர் மண்ணிற் பிறந்தவர். இங்கிலாந்து மக்கள் அவரைக் காணவே திரண்டனர். எதிர்த்து நின்ற பிறெற் ஹாட், கனடாவின் கல்கறி நகரத்து மல்லர் குடும்பத்தவர். அவர் தந்தையார் ஸ்ரூ ஹாட் வீட்டின் நிலவறையில் மல்யுத்தம் பயிற்றியவர். அவருக்குப் பன்னிரு பிள்ளைகள். ஆண்மக்கள் யாவரும் மல்யுத்தத்தில் ஈடுபட, பெண்மக்கள் நால்வரும் மல்லர்களையே மணந்தனர். அவர்களுள் ஒருவரான டயானாவின் கணவரே டேவி. ஆகவே மேடையில் எதிரெதிரே நின்றோர் மைத்துனர். அண்ணனா, கணவனா என்று அப்பெண் பார்வையாளர் நடுவே கலங்கியிருந்தார். பாரதம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கலக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெளிச்சத்தில் தொடங்கிய காட்சி இருளில் முடிந்தது. குத்துச்சண்டை வீரர் லெனொக்ஸ் லூயிஸ் பிரித்தானியக் கொடியைத் தாங்கி வர, டேவி மேடையேறினார். டேவி வலியர், பிறெற் வித்தகர். இருபத்தைந்து நிமிட அளவு நீடித்த அப்போட்டியில் வலிமையும் வித்தையும் மாறி மாறி மேலோங்கின. இருவரும் களைத்து மல்லாந்து கிடந்த ஒரு கட்டத்தில், பிறெற் படுத்தபடியே எதிரியின் கால்களைத் தம் கால்களோடு பின்னிக் கவிழ்த்துத் தமக்கே உரிய பிடியைப் போட்டார். டேவி ஊர்ந்து சென்று கயிற்றைப் பற்றித் தப்பினார். இறுதியில், தம்மேற் பாய்ந்து உருட்டி வீழ்த்த முயன்ற பிறெற்றின் கால்களை டேவி மடக்கி, அவர்மேலேயே முழந்தாளிட்டு அமர்ந்தார். நடுவர் மூன்று எண்ணினார். அரங்கு அதிர்ந்தது.

“முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்டதுதானே?” என்று எம் மாணவர் கேட்பதுண்டு. ஆம், தீர்மானிக்கப்பட்டதுதான். காத்தவராயன் கழுவேறுவான் என்பதும் கூத்துப் பார்க்க வந்த அனைவருக்கும் தெரியும். அதற்காக எவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புவதில்லை. இப்போட்டியின் உள்ளே இன்னொரு செய்தியும் உண்டு. தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் டேவி மூச்சு வாங்கி, ஒத்திகை பார்த்த அனைத்தையும் மறந்துவிட்டார் என்றும், அடுத்து என்ன செய்வது என்பதை இறுதிவரை தாமே காதோடு சொல்லிச் சொல்லி நடத்தினார் என்றும் பிறெற் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். இதனை அறிந்தபின் மீண்டும் ஒளிநாடாவைப் பார்த்தால் வேறொரு போட்டி தெரிகிறது. தோற்கப் போகிறவன் வெல்லப் போகிறவனைத் தோளில் சுமந்து செல்கிறான். அதுவும் எண்பதினாயிரம் பேர் எதிரே, ஒருவர்கூட அறியாதபடி! பிறெற்றை மல்லர்களுள் தலைசிறந்தவர் என்று நாம் கொள்வதற்கு அவர் வென்ற பட்டங்கள் காரணமல்ல. தோற்ற இந்த ஓர் இரவே காரணம்.

போட்டி முடிந்ததும் பிறெற் முதலில் முகந் திருப்பினார். பின்பு மைத்துனரைத் தழுவினார். டயானாவும் மேடையேறி இருவரையும் அணைத்தார். வாணவெடிகள் வானில் எழுந்தன. அதுவும் நாடகத்தின் பகுதிதான். பின்னே வந்தவை நாடகமல்ல. இளையவரான ஓவன் ஹாட் 1999 மே மாதம் கன்சாஸ் சிற்றியில் அரங்கின் உச்சியிலிருந்து இறங்குகையில் வீழ்ந்து இறந்தார். டேவி 2002 மே மாதத்தில், நாற்பது வயது நிறையுமுன் காலமானார்.

பழைய அரங்கும் நெடுநாள் நிலைக்கவில்லை. 2000ஆம் ஆண்டு மூடப்பட்டது. 2003இல் இரட்டைக் கோபுரங்களையும் இடித்தனர். புதிய அரங்கின் வாயிலில் உதைபந்தாட்ட வீரர் பொபி மூரின் சிலை நிற்கிறது. அது தகும். மல்லர்களைப் பற்றிய சுவடு எதுவும் எம் கண்ணிற்படவில்லை. ஆயினும் 2023 ஆகஸ்டில் வேறொரு மல்யுத்தக் கம்பனி இங்கே காட்சி நடத்தியபோது, மீண்டும் மக்கள் பெருந்திரளாகக் கூடினர்.

கோபுரங்களில் ஒன்றின் கொங்கிறீற்று முடியை மட்டும் உடைக்காது கழற்றி, சிறிது தொலைவில் உள்ள செயின்ற் றபாயல்ஸ் குடியிருப்பின் பூங்காவில் வைத்துள்ளனர். மாலையில் அங்கும் போய்ப் பார்த்தோம். பிள்ளைகள் அதன் பக்கத்திற் பந்தடித்துக்கொண்டிருந்தனர்.