சோழவரம்: விமானம் போன பிறகு

எழுபதுகளில் மயிலாப்பூர், தி.நகர்ப் பையன்களுக்குப் பிப்ரவரி வந்தால் சோழவரம்தான் பேச்சு. பாரிமுனையில் பஸ் பிடித்து, கல்கத்தா நெடுஞ்சாலையில் இறங்கி, வெயிலில் நடப்போம். பட்டணத்துக்குத் தண்ணீர் தரும் ஏரியைப் பார்க்க அல்ல. கார் பந்தயம் பார்க்க.

பந்தயம் நடந்தது ஒரு பழைய விமான ஓடுபாதையில். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டன. மயிலாப்பூரில் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிராமத்துக்கு ஓடினார்கள். உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, சோழவரம் என்று பல ஊர்களில் ஓடுபாதைகள் முளைத்தது அந்தப் போர்க்காலத்தில்தான். போர் முடிந்ததும் சோழவரத்தில் விமானத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த இடத்துக்கு மறுவாழ்வு தந்தது. ஃபியட், ஹெரால்டு, ஜாவா, யெஸ்டி என்று தெருவில் ஓடும் வண்டிகளே குடைந்து முடுக்கப்பட்டுப் பந்தயத்துக்கு வந்தன. சீமையிலிருந்து இறக்கிய கார்களோடு ராஜாக்களும் தொழிலதிபர்களும் வந்தார்கள். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே ஓட்டினார். எங்கள் கைதட்டல் என்னவோ உள்ளூர் மெக்கானிக் தட்டிக்கொட்டித் தயார்செய்த வண்டிக்குத்தான். கோவை கரிவரதன் இங்கேயே கார் கட்டி ஓட்டியபோது அந்தப் பெருமை இரட்டிப்பானது.

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானதளம்தான். 1950இல் முதல் ஃபார்முலா ஒன் உலகப் போட்டி அங்கேதான் நடந்தது, இன்றும் நடக்கிறது. சோழவரத்துக்கு அந்த யோகம் இல்லை. இரவல் ஓடுபாதையில் எத்தனை நாள் ஓட்டுவது? கிளப் சொந்த நிலம் தேடி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தடம் அமைத்தது. 1990 வாக்கில் பந்தயம் அங்கே குடிபெயர்ந்தது. பாதுகாப்புக்கும் வசதிக்கும் அது சரியான முடிவு.

கிளப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக். அவர் பேரன் கருண் 2010இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். அந்தப் பாதையின் தொடக்கம் சோழவரத்தில் இருக்கிறது. போருக்காகப் போட்ட ஓடுபாதை போருக்கு உதவியதைவிட விளையாட்டுக்கே அதிகம் உதவியது என்பேன். அந்தக் காலத்துப் பந்தய டிக்கெட்டோ புகைப்படமோ உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.