முடிவு தெரிந்தவன் எழுதும் வரிகள்

தமிழ்ப் படங்களுக்கு மலாய் சப்டைட்டில் எழுதுவது என் பிழைப்பு. இந்தத் தொழிலில் எந்தப் படத்தின் முடிவும் ரகசியமாக இருக்காது. சில சமயம் படத்துக்கு முன்பே வசனப் பிரதி வந்துவிடும். அதன் கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் எனக்காகக் காத்திருப்பான். கோலாலம்பூரில் செந்தூல் பசாரில் மீன் வாங்கும்போதுகூட, "அண்ணே, யாருண்ணே பண்ணது? சொல்லுங்கலா" என்று கேட்கிற ஆள் உண்டு. சொன்னதில்லை.

முடிவு தெரிந்துவிட்டால் படம் செத்துவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 1964இல் வந்த 'புதிய பறவை'யை எடுத்துக்கொள்ளுங்கள். தாதா மிராசி இயக்கியது. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வரும் கோபாலாக சிவாஜி. பக்கத்து ஊர்க் கதை என்பதாலோ என்னவோ, எங்கள் வீட்டில் அதற்குத் தனி மவுசு. இறந்துபோனதாக அவர் சொல்லும் மனைவி உயிரோடு வந்து நிற்பாள். முதல் தடவை பார்ப்பவர், மனைவியாக வரும் சௌகார் ஜானகியைப் பார்த்து மிரள்வார். முடிவு தெரிந்தவருக்குக் கண்ணெல்லாம் சரோஜாதேவி மேல்தான் இருக்கும். ஏன் என்று சொல்ல மாட்டேன்; அறுபது வருடம் ஆனாலும் பார்க்காத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முடிவு தெரிவதால் ஒன்றும் கெட்டுவிடாது. அரை நொடி முந்தித் தெரிந்தால்தான் ஆபத்து, அதற்கு நாங்களே காரணமாகிவிடுவதும் உண்டு. திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிதான் போடலாம், வரிக்கு நாற்பது எழுத்துச் சொச்சம். நடிகர் பேசி முடிக்கும் முன்பே ரசிகர் படித்து முடித்திருப்பார். சாதாரணப் பேச்சில் இது பரவாயில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் காட்சியில் கதையே போய்விடும். "அவளைக் கொன்னது…" என்று இழுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நான்தான்" என்கிறார் நடிகர் என்று வையுங்கள். "சாயா யாங் பூனோ டியா" என்று ஒரே மூச்சில் போட்டால் 'நான்' முதலிலேயே வந்து குந்திக்கொள்ளும். அப்புறம் அவர் கண்ணாடியைத் துடைத்து என்ன பயன்? அதனால் "யாங் பூனோ டியா…" வரை ஒரு வரி. "சாயா" தனியாக, அவர் வாய் திறக்கும் பிரேமில். நகைச்சுவைக்கும் இதே கணக்குத்தான்: மலாய்க்கார நண்பர் நமக்கு முன்பே சிரித்தால் வரி சீக்கிரம் ஏறிவிட்டது என்று பொருள்.

மலாய் ஓர் உபகாரமும் செய்கிறது. கொலையாளி ஆணா பெண்ணா என்பதையே ஒளித்துவைக்கும் கதைகளில் 'டியா' என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்தான் 'ஹீ'யா 'ஷீ'யா என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்.

இன்னொரு தொல்லை, இடைவேளைக்கு முன் வரும் பூடகமான வசனம். முடிவு தெரிந்த பிறகுதான் அதற்கு இரண்டாவது அர்த்தம் விளங்கும். அந்த மங்கலை மலாயிலும் அப்படியே வைத்தால், சரிபார்ப்பவர் "தெளிவா இல்லையே" என்று திருப்பி அனுப்புவார். தெளிவாக்கினால் திருப்பம் அங்கேயே கசிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இவ்வளவு பொத்திவைத்ததையும் வாட்ஸ்அப் ஒரு வரியில் போட்டு உடைக்கிறது. அந்தக் காலப் பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் பாதியில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். வியாபாரத் தந்திரம்தான், ஆனாலும் அதில் ஒரு நாகரிகம் இருந்தது. இன்றைக்கு நம் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 2023 அக்டோபர் 19 அன்று 'லியோ' வெளியானபோது தமிழ்நாட்டில் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. அப்போது கோலாலம்பூரில் மணி 11.30. இங்கே அதற்குள் ஒரு காட்சி முடிந்திருந்தால், அங்கே படம் தொடங்கும் முன்பே முடிவு வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தம்பி தங்கைகளே, முதல் காட்சி பார்த்துவிட்டு வந்தால் படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் எழுதுங்கள். யார், ஏன் என்பதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உங்களிடமே வைத்திருங்கள்.