நீர்மூழ்கி யு-156

கப்பலுக்குப் பெயர் சூட்டுவது மாலுமிகளின் பழைய வழக்கம். அரசியின் பெயரோ, ஆற்றின் பெயரோ, நகரத்தின் பெயரோ இட்டு, உயிருள்ள ஒன்றைப் போலவே அதனைப் பேணுவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கட்டிய நீர்மூழ்கிக் கப்பல்களுக்கோ பெயர் இல்லை. ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மட்டுமே உண்டு. அவ்வெண்களின் நீண்ட பட்டியலைப் படிக்கும்போது எனக்குச் சலிப்பே மிகும். ஆயினும் யு-156 என்னும் எண் வருமிடத்தில் என் கண் நின்றுவிடும்.

பிரேமன் நகரத்துத் தளத்தில் கட்டப்பெற்ற அக்கப்பல், 1941 செப்டம்பரில் கடற்படையிற் சேர்ந்தது. அதன் தலைவர் வெர்னர் ஹார்ட்டன்ஸ்டைன் என்பவர். நீர்மூழ்கி எப்போதும் நீருக்குள்ளேயே திரிவது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அக்காலத்து நீர்மூழ்கிகள் பெரும்பொழுதும் நீர்மேலேயே டீசல் பொறியால் ஓடின; பகைவர் கண்டாலோ, பகைவரை அணுக வேண்டினாலோ மட்டுமே மூழ்கி, மின்கலங்களின் ஆற்றலால் மெல்ல நகர்ந்தன. ஏறத்தாழ 77 மீட்டர் நீளமுள்ள அவ்விரும்புக் குழலுக்குள் ஐம்பது பேர் நெருங்கி வாழ்ந்தனர். மேல்தளத்தில் ஆட்கள் நின்றால் கப்பல் மூழ்க இயலாது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1942 பிப்ரவரி 16 அன்று, கரிபியன் கடலிலுள்ள அரூபாத் தீவருகே அது எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கியது. கரையிலிருந்த எண்ணெய் ஆலையையும் பீரங்கியால் சுட முனைந்தது. கடல்நீர் புகாதபடி பீரங்கியின் வாயை அடைத்திருந்த மூடியை எடுக்க மறந்துவிட்டனர்! குழல் வெடித்தது, ஒரு மாலுமி இறந்தார், ஓர் அதிகாரி காலிழந்தார். சிதைந்த குழலின் முனையை அறுத்தெறிந்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டே ஹார்ட்டன்ஸ்டைன் மீண்டும் போரிட்டார். அவர் எத்தகைய உறுதியினர் என்பதை இந்நிகழ்ச்சி ஒன்றே காட்டும். மொத்தத்தில் அக்கப்பல் இருபது கப்பல்களை மூழ்கடித்தது.

அவற்றுள் ஒன்று லக்கோனியா. 1942 செப்டம்பர் 12 இரவு, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் தென் அட்லாண்டிக் கடலில் சென்றுகொண்டிருந்த அப்பிரித்தானியக் கப்பலை யு-156 விடுத்த டார்ப்பிடோக் குண்டுகள் தாக்கின. அது பீரங்கி தாங்கிய படைக்கப்பல். ஆதலின் போர்முறைப்படி அதனைத் தாக்கியது குற்றமன்று. ஆனால் அதில் இருந்தவர் யாவர்? ஏறத்தாழ 2,700 பேர். படைவீரரோடு பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். சற்றேறக்குறைய 1,800 பேர் இத்தாலியப் போர்க்கைதிகள். கீழ்த்தளங்களில் அடைபட்டிருந்த அவர்களுள் பலர் வெளியேற வழியின்றி மாண்டனர்.

இருளில் மிதந்தோரின் கூக்குரலில் இத்தாலிய மொழி கேட்டது. இத்தாலி அன்று ஜெர்மனியின் நட்பு நாடு. ஹார்ட்டன்ஸ்டைன் உடனே மீட்பைத் தொடங்கினார். நட்பு நாட்டார்க்காகவே அவர் இரங்கினார் என்று கூறுவாரும் உளர். தொடக்கம் அதுவாகவே இருக்கலாம். ஆயின் விரைவில் பிரித்தானியப் பெண்டிரும் குழந்தைகளும் இத்தாலியரோடு ஒருங்கே அந்நீர்மூழ்கியில் இடம்பெற்றனர். மாலுமிகள் தம் உணவைப் பகிர்ந்து அளித்தனர். ஏறத்தாழ இருநூறு பேர் கப்பலில் ஏறினர்; வேறு பலர் இருந்த படகுகளைக் கயிற்றாற் பிணித்து அது இழுத்துச் சென்றது.

அடுத்த நாள் விடியுமுன் அவர் செய்ததுதான் வியப்பிலும் வியப்பு. மறைகுறி ஏதுமின்றி, ஆங்கிலத்திலேயே வானொலிச் செய்தி விடுத்தார். தாம் இருக்கும் இடத்தைக் கூறி, தம்மைத் தாக்காதவரை, உதவிக்கு வரும் எக்கப்பலையும் தாமும் தாக்குவதில்லை என்று அறிவித்தார். மறைவே உயிர்க்காப்பான ஒரு நீர்மூழ்கி, தன் இருப்பிடத்தைத் தானே பகைவர்க்கு உரைத்தது! வேறு இரு ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் ஓர் இத்தாலிய நீர்மூழ்கியும் துணைக்கு விரைந்தன.

செப்டம்பர் 16 அன்று, அசென்ஷன் தீவிலிருந்து வந்த அமெரிக்க விமானமொன்று மேலே வட்டமிட்டது. நீர்மூழ்கியின் மேல் செஞ்சிலுவைக் கொடி விரிக்கப்பட்டிருந்தது. மீட்கப்பட்ட பிரித்தானிய அதிகாரி ஒருவரும் விளக்கொளிக் குறியால் செய்தி அனுப்பினார். விமானி தன் தளத்தைக் கேட்டார். மூழ்கடிக்குமாறு கட்டளை வந்தது. குண்டுகளுள் ஒன்று படகுகளிடையே விழுந்து பலரைக் கொன்றது. ஹார்ட்டன்ஸ்டைன் கயிறுகளை அறுத்துவிட்டு, மேலிருந்தோரை நீரில் இறக்கிவிட்டு மூழ்கினார். வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து மீட்டவர்களையும் சேர்த்து, பிழைத்தோர் ஏறத்தாழ 1,100 பேர். இறந்தோர் 1,600க்கும் மேற்பட்டோர்.

அத்தீங்கு அங்கே முடியவில்லை. கவிழ்ந்த கப்பல்களின் மக்களை இனி மீட்கலாகாது என்று செப்டம்பர் 17 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கிப் படைத்தலைவர் டோனிட்ஸ் கட்டளையிட்டார். 1946இல் நியூரம்பர்க் நீதிமன்றத்தில் அக்கட்டளை அவர்மேல் குற்றமாகச் சாட்டப்பெற்றது. பசிபிக் கடலில் தம் நாட்டு நீர்மூழ்கிகளும் முன்னெச்சரிக்கையின்றித் தாக்கியதை அமெரிக்கக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸ் மறைக்காமல் எழுத்து வழியே தெரிவித்தார். டோனிட்ஸுக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. எனினும் நீர்மூழ்கிப் போர்முறையை மீறியதற்காக அத்தண்டனை அளக்கப்படவில்லை என்று தீர்ப்பு உரைத்தது. வென்றவரின் நீதிமன்றத்தில் வென்ற நாட்டுத் தளபதி ஒருவர் அவ்வாறு உண்மை உரைத்ததை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

ஹார்ட்டன்ஸ்டைன் அத்தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. 1943 மார்ச் 8 அன்று, பார்படோஸ் தீவுக்குக் கிழக்கே அமெரிக்க விமானமொன்று யு-156 மேல் குண்டு வீசியது. கப்பல் பிளந்து அமிழ்ந்தது. நீரில் சிலர் தத்தளிப்பதை விமானத்தில் இருந்தோர் கண்டனர். தாழப் பறந்து, ரப்பர் மிதவை ஒன்றை அவர்களுக்கு எறிந்தனர். பின்னர் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று அவ்விடத்துக்கு வந்து தேடிற்று. கப்பலில் இருந்த 53 பேருள் ஒருவரும் கிடைக்கவில்லை.