விலை குறைந்த வீடு

சென்ற வாரம் பேத்தி பிரான்சிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. சரிவில் ஓட்டு வீடுகள், அதற்கும் கீழே மரங்களுக்கு நடுவில் ஒரு கோடு போல ஆறு. "தாத்தா, இதுதான் உவாஸ்" என்று எழுதியிருந்தாள். அந்த ஆற்றின் பெயரை நான் முதலில் கேட்டது அறுபது வருடங்களுக்கு முன்பு, புதுச்சேரியில் ஒரு வகுப்பறையில். அதன் கரையில் என் மகள் ஒரு வீடு வாங்கப் பார்த்ததையும், கடைசியில் வாங்காமல் விட்டதையும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1954-லேயே பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவாகிவிட்டது. எங்கள் வகுப்பறைச் சுவரில் மட்டும் பிரான்ஸ் வரைபடம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பூகோள வாத்தியார் மர ஸ்கேலால் அதைத் தட்டி, சேன் ஆற்றின் உபநதிகள் என்ன என்பார். யோன், மார்ன், உவாஸ் என்று மூச்சுவிடாமல் சொல்ல வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அதே ஸ்கேல் விரல் முட்டியில் விழும். காவிரிக்கு என்னென்ன உபநதிகள் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. தாமிரபரணி என்று ஒரு ஆறு இருப்பதே எனக்குக் கல்யாணத்தின்போதுதான் தெரியும். மனைவிக்குப் பிறந்த ஊர் ஆழ்வார்திருநகரி.

'ப்ரெவே' பாஸ் செய்து, 1973-இல் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அந்தப் பிரெஞ்சு எனக்குச் சோறு போட்டது என்று சொல்ல முடியாது. யாராவது பாட்டி காலத்துப் பத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்து வருவார்கள். நொத்தேர் எழுதிய பிரெஞ்சுப் பத்திரம், கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். படித்துச் சொல்வேன். ஒரு காபி கிடைக்கும். அவ்வளவுதான்.

2011-இல் ஓய்வு பெற்றேன். கிராஜுவிட்டி, பி.எஃப்., கம்யூட்டேஷன் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்த ஊரில் எனக்கு ஒரு வீடு வாங்க வக்கில்லை என்று தெரிந்தது. புதுச்சேரியில் குழி விலை எங்கோ போய்விட்டது. வாடகை வீட்டிலேயே சாகக் கூடாது என்று ஒரு பிடிவாதம். மனைவியின் தம்பி ஆழ்வார்திருநகரியில் ஒரு வீடு பார்த்துச் சொன்னார். முன்னால் திண்ணை, பின்னால் கிணறு, இரண்டு தென்னை. பதினோரு லட்சம். ஆற்றுக்கு நடந்தால் ஆறு நிமிடம்.

"ஆறு இவ்வளவு பக்கத்தில் இருக்கே மாப்பிள்ளை?" என்று ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டேன்.

"ஊரு பூராம் ஆத்தங்கரைதான் அத்தான். எத்தன காலமா சனம் இருக்கு" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை என்பதே சரி. பதினோரு லட்சத்துக்குத் திண்ணை வைத்த வீடு கிடைக்கிறவன் ஏன் தோண்டித் துருவுவான்?

பன்னிரண்டு வருடம் நிம்மதியாகவே போயிற்று. காலையில் ஆற்றில் குளியல், வைகாசியில் ஒன்பது கருட சேவை, கேட்டால் 'பாண்டிச்சேரிக்காரர் வீடு' என்று ஊரில் யாரும் வழி சொல்வார்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று பெய்ததை மழை என்று சொல்வதா என்று தெரியவில்லை. எங்களுக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது என்று பிறகு படித்தேன். ஒரு வருடத்தில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுபோனதை நாடே டிவியில் பார்த்தது. எங்கள் வீட்டில் திங்கள் விடிவதற்குள் தண்ணீர் திண்ணை ஏறி, ஹாலுக்குள் வந்து, நின்று நிதானித்து, இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. மனைவியைக் கையைப் பிடித்து எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஏற்றினேன். கரண்ட் இல்லை, போன் இல்லை. பிரான்சில் மகள் மூன்று நாள் எங்கள் இருவர் நம்பரையும் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தாளாம்.

தண்ணீர் வடிந்த பிறகு பீரோவின் கீழ்த் தட்டைத் திறந்தேன். கல்யாணப் போட்டோ, என் சர்வீஸ் காகிதங்கள், ப்ரெவே சான்றிதழ் எல்லாம் ஒரே கூழ்.

எதிர்வீட்டு ஆச்சிக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சேறு வாரிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துச் சொன்னார்: "தொண்ணூத்திரண்டுலயும் இங்ஙனதான் நின்னுச்சு. சன்னல் மட்டும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஆச்சி."

"நீங்க கேக்கலையே."

மகள் கதைக்கு வருகிறேன். 1962-க்குப் பிறகு புதுச்சேரிக்காரர்களுக்கு ஆறு மாதக் கெடு கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் எழுதிக் கொடுக்கலாம். என் அப்பா கொடுக்கவில்லை. மாப்பிள்ளையின் தாத்தா கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தினால் 2005-இல் என் மகள் கல்யாணமாகி பாரீஸுக்கு வடக்கே சார்செல் என்ற ஊருக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு சேன்-தெனியில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, மகளுக்குக் குழந்தைகள் காப்பகத்தில். பத்தொன்பது வருடம் வாடகை வீடு. இரண்டு அறை. ஒன்பதாவது மாடி. லிப்ட் ஓடும் நாளைவிட ஓடாத நாள் அதிகம்.

அங்கே வீட்டுக் கடனுக்கு ஒரு கட்டுப்பாடு. மாதத் தவணை சம்பளத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கடன் 25 வருடத்துக்கு மேல் போகக் கூடாது. மாப்பிள்ளைக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வருடம் கூடக்கூட இன்ஷூரன்ஸ் ஏறும், பாங்கு முகம் சுளிக்கும். இப்போது வாங்காவிட்டால் எப்போதும் இல்லை என்ற நிலைமை. அவர்களுக்குக் கிடைக்கிற கடனில் சார்செல் பக்கம் தோட்டத்தோடு வீடு என்பது கனவு. அதனால் அங்கே நம்மவர்கள் பலரும் செய்வதைச் செய்தார்கள். அதே ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போய்க்கொண்டே இருந்தார்கள், விலை கைக்கு எட்டும் ஊர் வரும் வரை. பாதை முடியும் இடத்தில் கிரெய் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் பீங்கானுக்குப் பேர்போனது. உவாஸ் ஆற்றின் கரையில் இருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாரீஸ் வட்டாரம் முழுக்க ஒரே விலையில் சுற்றலாம் என்று ஒரு மாத பாஸ் இருக்கிறது, நாவிகோ என்று பெயர். கிரெய் அந்த வட்டாரத்துக்கு வெளியே. ரயில் அதேதான், பாஸ் செல்லாது. வீட்டில் மிச்சம் பிடித்ததில் கொஞ்சத்தை மாதாமாதம் ரயிலுக்குக் கொடுக்க வேண்டும். அதையும் கணக்குப் போட்டே இறங்கினார்கள். எட்டு மாதத்தில் முப்பது வீடு பார்த்து, 2024 அக்டோபரில் ஒன்று அமைந்தது. மூன்று படுக்கையறை, பின்னால் தோட்டம், 1,78,000 யூரோ. 'கோம்ப்ரொமி' என்கிற முன் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். தோட்டத்தில் முருங்கை வருமா என்று மனைவி போனில் கேட்டாள். குளிரில் வராது, கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று மகள் சொன்னாள். இருவரும் இதை ஒரு மணி நேரம் பேசினார்கள்.

"அப்பா, நீங்க படிச்சுப் பார்க்கணும்னு சொன்னீங்களே" என்று ஒப்பந்தத்தை அனுப்பியிருந்தாள். மகள் பிரெஞ்சில் என்னைவிட வேகமாகப் பேசுவாள். ஆனால் நொத்தேர் பாஷை வேறு, அது என் பழைய சிநேகிதம். இணைப்புகளோடு 140 பக்கம். போனில் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் அருகே ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு வாங்கினேன். கடைப் பையன், "என்ன சார், ஒரே புரியாத இங்கிலீஷா இருக்கு?" என்றான்.

மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். நூறு பக்கம் தாண்டிய பிறகு அபாயங்கள் பற்றிய அறிக்கை என்று ஒரு இணைப்பு. வீடு விற்பவர் இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். நிலநடுக்கம், மண் சரிவு, வெள்ளம் எல்லாவற்றுக்கும் 'ஆம்', 'இல்லை' கட்டங்கள். வெள்ளத்துக்கு 'ஆம்'. இயற்கைப் பேரிடருக்காக இன்ஷூரன்ஸ் பணம் வாங்கியதுண்டா என்று ஒரு கேள்வி. அதற்கும் 'ஆம்'. பின்னாலேயே வரைபடம். ஆற்றை ஒட்டி நிழல் அடித்திருந்த பகுதிக்குள் அந்தத் தெரு இருந்தது. 1993 கடைசியிலும் 1995 தொடக்கத்திலும் உவாஸ் கரை புரண்டிருக்கிறது.

விற்பவர் எதையும் மறைக்கவில்லை. எழுதிக் கொடுத்திருக்கிறார். இங்கே ஆச்சி வாயில் இருந்தது அங்கே நூறு பக்கத்துக்குப் பின்னால் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகும் வாங்குபவருக்குப் பத்து நாள் தவணை உண்டு. காரணம் சொல்லாமலே விலகலாம், முன்பணம் திரும்ப வந்துவிடும். நான் அந்தப் பக்கத்தைப் படித்தது ஆறாவது நாள்.

இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சொல்லவா வேண்டாமா? சொன்னால் வீடு போகும். வயது ஓடுகிறது, பாங்கு மறுபடி ஒத்துக்கொள்ளுமோ என்னவோ. சொல்லாமல் விட்டால், முப்பது வருடமாக வராத தண்ணீர் இன்னும் முப்பது வருடம் வராமலேகூட இருக்கலாம். எங்களுக்கு 1992-க்கும் 2023-க்கும் நடுவில் எத்தனை வருடம் என்று எண்ணிப் பார்த்தேன். போனை எடுத்தேன்.

முழுவதும் கேட்டாள். "தெரியும்பா. ஏஜென்ட் சொன்னாரு. அது சும்மா எல்லாருக்கும் போடறதுன்னாரு" என்றாள்.

"எல்லாருக்கும் போடறதுன்னா மேல இருக்கிற தெருவுக்கு ஏம்மா போடல?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு வெடித்தாள். "முப்பது வீடுப்பா. லீவு போட்டுப் போட்டுப் பார்த்தது. உங்களுக்கு என்ன? நீங்க மட்டும் ஆத்தங்கரையில வாங்கலாம், நான் வாங்கக் கூடாதா?"

நான் பதில் சொல்லவில்லை. மனைவி போனைப் பிடுங்கி ஏதோ சமாதானம் சொன்னாள். வைத்த பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க, உங்களுக்கு அந்த பாஷை தெரியாம இருந்திருக்கலாம்" என்றாள்.

மறுநாள் மாப்பிள்ளை கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர். "மாமா, அன்னிக்கு உங்க வீட்டுல தண்ணி எவ்வளவு நேரத்துல ஏறிச்சு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "சரி மாமா" என்று வைத்துவிட்டார். ஒன்பதாவது நாள் பதிவுத் தபாலில் விலகல் கடிதம் போட்டார்கள். முன்பணம் மூன்று வாரத்துக்குள் வந்தது. மகள் என்னோடு பேச அதைவிட அதிக நாள் ஆயிற்று. பொங்கலுக்குக் கூப்பிட்டு, "அம்மாகிட்ட கொடுங்க" என்றாள்.

அடுத்த வீடு அமைய 2025 ஜூன் ஆகிவிட்டது. ஆற்றின் அந்தப் பக்கம், நொழான் என்ற பக்கத்து ஊரில் மேட்டுப் பகுதி. தோட்டம் கிடையாது. படுக்கையறை இரண்டுதான், பேத்திக்குப் படிக்க மாடியில் கூரைக்குக் கீழே ஒரு இடம், அங்கிருந்துதான் அந்தப் படம். விலையும் கொஞ்சம் கூட. ஸ்டேஷனுக்கு பஸ் பிடித்து இறங்க வேண்டும். மாப்பிள்ளை காலை நாலரைக்கு எழுந்திருக்கிறார். வாசலுக்குப் பதினாறு படி. மனைவிக்கு முட்டி வலி, அங்கே போனால் எப்படி ஏறுவாளோ. இந்தப் படிகளுக்கும் அந்த நாலரை மணிக்கும் நான்தான் காரணம் என்று சில நாள் இரவில் தோன்றும். அந்த முதல் வீட்டை வேறு யாரோ இரண்டே வாரத்தில் வாங்கிவிட்டார்களாம். அவர்களும் நம்மவர்களாக இருக்கலாம்.

என் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. இரண்டு முறை வெள்ளையடித்தும் மேலே வந்துவிடுகிறது. சென்ற ஞாயிறு வீடியோ காலில் மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, எனக்கு நூத்தி நாப்பது பக்கம் படிச்சீங்களே. நீங்க எப்ப மேட்டுக்குப் போகப் போறீங்க?"

விற்கலாம் என்றால் வெள்ளத்துக்குப் பிறகு இந்தத் தெருவில் கேட்க ஆளில்லை. அப்படி யாராவது வந்து 'தண்ணீர் வருமா' என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் நான் இன்னும் முடிவு செய்யவில்லை. மொட்டை மாடியில் ஒரு அறையும் கழிப்பறையும் கட்ட எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடம் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து அளந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.