எண்ணெய் குறைந்த காலை



1989-ஆம் ஆண்டு அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் ஸ்போர்ட்ஸ் கார், நெடுங்காலம் உழைக்கும் என்ஜினுக்குப் பேர்பெற்றது. ஆயினும் அதன் முதல் தலைமுறைக் கார்களை வைத்திருப்போர் பலர், காலையில் என்ஜினை இயக்கியவுடன் 'டிக் டிக்' என்னும் ஒலி கேட்டுக் கலங்கியதுண்டு. பெரும்பாலும் காரணம் சிறியதே. வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்யும் சிறு பாகங்களுக்குள் எண்ணெய் நிரம்பியிருக்க வேண்டும். இரவில் அது வடிந்தாலோ, அழுக்கு அடைத்தாலோ அவை தட்டத் தொடங்கும். பழைய எண்ணெயை மாற்றி, என்ஜின் நன்கு சூடாகும்வரை ஓட்டினால் பலமுறை ஒலி அடங்கிவிடும்.

கடந்த மாதம் என் வீட்டிலும் அப்படியொரு ஒலி கேட்டது. காபி ஆறியதற்கும், தொலைபேசி ஒலித்ததற்கும் நான் முறுமுறுத்தேன். "இன்று ஜெபித்தீர்களா?" என்று என் மனைவி மெதுவாகக் கேட்டார். சபையாருக்காக ஜெபித்திருந்தேன், எனக்காகத் தேவசமுகத்தில் அமர்ந்து பல நாட்களாயிருந்தன.

பிரியமானவர்களே, உங்கள் முறுமுறுப்பைக் கேட்டு, விசுவாசமே அற்றுப்போயிற்று என்று அஞ்சாதிருங்கள். அதை அசட்டை செய்யவும் வேண்டாம். உள்ளே எண்ணெய் குறைந்திருக்கிறது. நாளைக் காலை எவரோடும் பேசுமுன் அவர் பாதத்தில் அமருங்கள். கர்த்தர் நம்மை நிரப்புவாராக. ஆமென்.